மஞ்சள் பிடித்த பூட்டு

நகுலேஸ்வரன் வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்கள் யாரும் அந்த இரும்புப் பெட்டியைப் பார்க்காமல் திரும்பி வந்தது கிடையாது. கனடாவில், மொன்றியலை ஒட்டிய கர்க்லாண்டில் அவருக்கு நல்ல வீடு. முன்னால் ஒரு மேப்பிள் மரம், பின்னால் கோடைக்குக் கத்தரியும் மிளகாயும் போட ஒரு துண்டு நிலம். அதையெல்லாம் அவர் காட்டமாட்டார். சாப்பாடு முடிந்து, கையைக் கழுவியும் கழுவாததுமாகத் துவாயில் துடைத்துக்கொண்டு, "வாங்கோ, கீழை ஒரு சாமான் காட்டுறன்" என்று பேஸ்மெண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். படி இறங்கியதும் எதிரே, ஆள் உயரத்தில், கரும்பச்சை நிறத்தில் அது நிற்கும். உள்ளே மான் சுடுகிற வேட்டைத் துவக்கு ஒன்று. ஒன்றே ஒன்றுதான். அதற்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று யாரும் கேட்டால், "சட்டப்படி பூட்டித்தான் வைக்கவேணும்" என்பார். சட்டம் ஒரு சின்னப் பூட்டோடு திருப்திப்பட்டிருக்கும் என்பதைச் சொல்லமாட்டார்.

கதவின் நடுவே வட்டத் தகடு ஒன்று, அதில் பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை வெள்ளை றப்பர் பொத்தான்கள். ஒவ்வொன்றையும் அமத்தும்போது "பீப்" என்று வீடு முழுக்கக் கேட்கும். மேலே சட்டி கழுவிக்கொண்டு நிற்கும் அவர் மனைவி புஷ்பராணி, "தொடங்கிட்டார்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். திறக்கும் எண் ஆறு இலக்கம். அவர் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாள், மாதம், வருடம். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் எண். பாங்க் அட்டைக்கு அது, தொலைபேசிக்கு அது, சூட்கேசுக்கும் அது. பிள்ளையின் பிறந்தநாளை மறந்தாலும் லாண்டிங் திகதியை மறக்கமாட்டார்கள். புஷ்பராணி அந்த நாளில் வருடம் தவறாமல் பாயாசம் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பாள். அப்படி ஊரறிந்த ஒரு எண்ணைத்தான் மனிதர் இரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்த மனிதர் இங்கே காசு கொடுத்துத் துவக்கு வாங்கினால் ஆட்கள் சிரிக்கத்தானே செய்வார்கள். சிரித்தார்கள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. அங்கே அவருடைய குழுவுக்குத் தலைவி கத்தரின் என்ற பிரெஞ்சுக்காரி. வடக்கே காட்டுக்குள் அவளுடைய குடும்பத்துக்கு ஒரு மரவீடு இருந்தது. ஒரு நவம்பரில், சும்மா பார்க்க வா என்று கூட்டிக்கொண்டு போனாள். பனியில் அசையாமல், பேசாமல், விடியும்வரை காத்திருந்தது நகுலேஸ்வரனுக்குப் பிடித்துப் போனது. துவக்கு என்றாலே பயந்து ஒடுங்கியவர், துவக்கை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று அந்தக் காட்டில்தான் கண்டுபிடித்தார். பாடம் படித்துச் சோதனை எழுதி லைசென்ஸ் எடுத்தார். முதல் மானின் இறைச்சியைப் புஷ்பராணி தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தாள். அதற்குப் பிறகு சிரித்தவர்களெல்லாம் இலையுதிர் காலம் வந்தால் அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சுகம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு கறி சாப்பிட்டதும் அவர் கீழே போவார். பீப், பீப் என்று ஆறு தரம் கேட்கும். துவக்கை எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, திரும்ப வைத்துப் பூட்டிவிட்டு வந்து சோபாவில் சாய்வார். அவருடைய வாழ்க்கையில் யாரும் குறுக்கே வராத நேரம் அது. பூட்டின் பற்றறி அடிக்கடி இறந்துபோகும். குளிர் கூடினால் இரண்டு மூன்று தரம் அமத்தவேண்டும். அந்தக் குணங்களோடெல்லாம் அவர் பழகிப் போயிருந்தார். வீட்டில் கிடக்கும் கிழட்டு நாயைத் திட்டுவது மாதிரி அதைத் திட்டுவாரே தவிர மாற்ற நினைத்ததில்லை.

இந்த ஒழுங்கெல்லாம் ஆனந்தராசா வந்தபிறகுதான் குழம்பியது.

ஆனந்தராசா புஷ்பராணியின் தம்பி. மொன்றியலில் தமிழ்க் கலியாணம் என்றால் மைக்கில் கேட்கிற குரல் அவருடையதுதான். மணமக்களை மேடைக்குக் கூப்பிடுவார், மாமாமாரை வம்புக்கு இழுப்பார், சாப்பாட்டு வரிசை நீண்டால் பகிடி விட்டே சனத்தை அமத்துவார். வார நாட்களில் செயின்ட்-மிஷேலில் ஒரு தையல் பட்டறையில் துணி வெட்டினார். பட்டறையை மூடினார்கள். அதே வருடம் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். முதலில் மைக்கை விட்டார், பிறகு தொலைபேசியை எடுப்பதை விட்டார். புஷ்பராணி பஸ்ஸும் மெட்ரோவும் மாறி அவருடைய அப்பார்ட்மெண்டுக்குப் போய்க் கதவைத் தட்டியபோது, குளிர்கோட்டைப் போட்டபடி, விளக்குப் போடாமல், குசினியில் ஒரு கதிரையில் இருந்தாராம். எவ்வளவு நேரமாக இருக்கிறாய் என்று கேட்டதற்குத் தெரியாது என்றாராம். அவள் அவருடைய உடுப்புகளைக் குப்பைப் பையில் அடைத்து, ஆளையும் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வைத்தியர் குளிசை எழுதிக் கொடுத்தார். கிழமைக்கு ஒரு நாள் வந்து கதைக்கவேண்டும் என்றும் சொன்னார்.

நகுலேஸ்வரன் கெட்டவர் இல்லை. மச்சானுக்கு என்று பேஸ்மெண்டில் இருந்த அறைக்குப் பெயின்ட் அடித்தார். புதுக் கட்டில் வாங்கினார், மேசை விளக்கு வாங்கினார், யன்னலுக்குத் திரை போட்டார். எல்லாம் அவரே செய்தார். அறைக் கதவைத் திறந்தால் நேர் எதிரே துவக்குப் பெட்டி நிற்கும் என்பது அவருடைய தலைக்குள் ஏறவே இல்லை. அவருக்கு அது அலுமாரி, கதிரை மாதிரி வீட்டுச் சாமான்.

ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. மனவருத்தம் என்று சொன்னால் நாளைக்குக் கோயிலில் பத்துப் பேர் வந்து பார்ப்பார்கள், பதினோராவது ஆள் செய்வினை என்பார். அதனால் நகுலேஸ்வரன், "ஆளின்ரை அப்பார்ட்மெண்டிலை மூட்டைப்பூச்சி. மருந்தடிக்கிறாங்கள். அதுவரைக்கும் இஞ்சை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனந்தராசாவின் முன்னாலேயே சொன்னார். அவர் ஓம் என்று தலையாட்டினார். மாதக் கணக்கில் சாகாத மூட்டைப்பூச்சியை நம்ப எங்கள் ஆட்கள் ஒன்றும் பேயர்கள் இல்லை, ஆனாலும் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த அறையில் ஆனந்தராசா படுக்கவில்லை. முதல் இரவு மட்டும்தான் கீழே படுத்தார். மறுநாளிலிருந்து மேலே வரவேற்பறைச் சோபாவில், காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். நகுலேஸ்வரன் காலை வேலைக்கு இருட்டோடு எழும்பி வரும்போது சோபாவில் ஆள். வேலை முடிந்து இடுப்பு உளைய வந்து சாயலாம் என்றால் சோபாவில் ஆளுடைய தலையணை. அவர் ஹொக்கி பார்க்கிற இடம், கோப்பி குடிக்கிற இடம், கண்ணயருகிற இடம் எல்லாம் அந்தச் சோபாதான்.

"ஏன் ஆனந்தன், கீழை அறை சரியில்லையே?" என்று ஒருநாள் கேட்டார்.

"கீழை கொஞ்சம் குளிர், அத்தான்."

மறுநாளே ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிக்கொண்டு வந்து அறையில் வைத்தார். அறை வேகிற மாதிரிச் சுட்டது. அன்றைக்கும் ஆனந்தராசா சோபாவில்தான். நகுலேஸ்வரனுக்கு உள்ளுக்குள் புகையத் தொடங்கியது. இவ்வளவு செய்தும் ஆளுக்கு என் அறை பிடிக்கவில்லை என்றால் அது என்னைப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று அவர் கணக்குப் போட்டார்.

புஷ்பராணி பூட்டுப் பேச்சை எடுத்தது அந்த நாட்களில்தான்.

"இஞ்சருங்கோ, அந்தப் பெட்டியின்ரை பூட்டை மாத்துங்கோவன்" என்றாள் ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டு.

"அதுக்கு என்ன குறை?"

"சும்மா பீப் பீப் எண்டு கத்துது."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் கேட்டாள். பழைய பூட்டு, நம்பேலாது, யாரும் திறக்கலாம் என்றாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வீட்டிலை நீயும் நானும் உன்ரை தம்பியும்தான். ஆர் திறக்கிறது? உன்ரை தம்பியைக் கள்ளன் எண்டு நான் நினைக்கேல்லை, நீ நினைச்சாலும்" என்றார். அவள் முகம் போன போக்கை அவர் கவனிக்கவில்லை. தான் பெருந்தன்மையாகப் பேசியதாகவே நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவள் கேட்டதன் அர்த்தத்தை விளங்கப்படுத்தியது கத்தரின்தான். இடைவேளையில் கோப்பியோடு நின்றபோது, மச்சான் வந்திருக்கிறான், கதைக்கிறானில்லை, சோபாவிலேயே கிடக்கிறான் என்று அவளிடம் குறைப்பட்டார். அவள் கோப்பியைக் கீழே வைத்தாள்.

"நகுல், அவனுக்குச் சாகவேண்டும் என்ற நினைப்பு இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் நேராகக் கேட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள்.

நகுலேஸ்வரனுக்கு முகம் சூடானது. இப்படியொரு கேள்வியை அவருடைய மொழியில் யாரும் கேட்டதில்லை. சுற்றி வளைத்து, ஒரு மாதிரி இருக்கிறார், மனம் சரியில்லை என்பார்களே தவிர அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள்.

"இல்லை இல்லை. எங்கள் ஆட்கள் அப்படி இல்லை" என்றார்.

"உன் துவக்கு எங்கே?"

"பெட்டிக்குள்ளே. பூட்டித்தான் இருக்கிறது."

"என்னிடம் கொண்டு வந்து கொடு. அவன் சுகமாகும்வரை என் வீட்டில் இருக்கட்டும்."

தேவையில்லை என்றார். துவக்கைக் கொடுத்தால் காரணத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. பிறகு குழு முழுக்கத் தெரியும், கோயில் முழுக்கத் தெரியும், மூட்டைப்பூச்சிக் கதை கிழிந்துபோகும். ஆனால் அன்றைக்குக் காரோட்டிக்கொண்டு வரும்போது புஷ்பராணியின் வெங்காயப் பேச்சு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. வரும் வழியிலேயே வேட்டைச் சாமான் கடைக்குப் போய்ப் புதுப் பூட்டொன்று வாங்கினார். சத்தம் போடாத பூட்டு, கறுப்புப் பொத்தான், பிழையான எண்ணை நாலைந்து தரம் அமத்தினால் கொஞ்ச நேரம் செத்தது மாதிரிக் கிடக்குமாம்.

வாங்கியவர் அதைப் பொருத்தினாரா? இல்லை. வீட்டுக்குள் கொண்டு போனால் ஆனந்தராசா பார்ப்பார். என்னத்துக்கு அத்தான் என்று கேட்டால் என்ன சொல்வது? ஆள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து மாற்றலாம் என்று பூட்டைக் கராஜில் தட்டில் வைத்தார். ஆனந்தராசா வெளியே போவது கிழமைக்கு ஒரு தரம், கிளினிக்குக்கு. அந்த நாட்களில் இவருக்கு வேலை. லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மான் வேட்டைக்காலமும் வந்தது, கத்தரினோடு காட்டுக்குப் போய்விட்டு வந்து துவக்கைத் துடைத்து அதே பழைய பூட்டுக்குள் வைத்தார். வாங்கிவிட்டோம் என்பதே பாதி செய்து முடித்த மாதிரி அவருக்கு ஆறுதலாக இருந்தது. சோம்பேறியின் ஆறுதல்.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை மான்கறி விருந்துக்கு ஆட்கள் வந்தார்கள். வரவேற்பறையில் இடம் போதவில்லை. சோபாவின் மூலையில் ஆனந்தராசாவின் போர்வையும் தலையணையும் மடித்து வைத்திருந்ததை யாரோ தூக்கி எங்கே வைப்பது என்று கேட்டார்கள். நகுலேஸ்வரன் இரண்டு கிளாஸ் குடித்திருந்தார்.

"பேரிலை மட்டும்தான் ராசா. கீழை அரண்மனை மாதிரி அறை கட்டிக் குடுத்தும், ஆள் பஸ் ஸ்டாண்டிலை படுக்கிற மாதிரிச் சோபாவிலை" என்றார்.

சனம் சிரித்தது. கலியாண வீடுகளில் ஊரையே சிரிக்க வைத்த மனிதர், தானும் கொஞ்சம் சிரித்து, போர்வையையும் தலையணையையும் வாங்கிக்கொண்டு போய் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார். புஷ்பராணி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் நகுலேஸ்வரனுக்குச் சோறு போட்டுக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த கிழமை அவருடைய வேலை நேரம் மாறி, கிளினிக் நாளில் வீட்டில் நிற்க நேர்ந்தது. அக்காவும் தம்பியும் பஸ் எடுக்க வெளியே போனதும் நகுலேஸ்வரன் கராஜிலிருந்து புதுப் பூட்டை எடுத்துக்கொண்டு கீழே போனார். பெட்டியைத் திறந்து, கதவின் உட்பக்கத் தகட்டைக் கழற்றி, பூட்டின் உடலைப் பிடித்திருந்த திருகாணிகளை எடுத்தார். வெளியே இருந்த வட்டத் தகடு கையோடு வந்தது. அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கண்டார். வெள்ளைப் பொத்தான்களில் நாலு மட்டும் மஞ்சள். மற்றவை வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தன. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை கறி, எத்தனை அரைகுறைக் கைகழுவல். தன் விரலே தன் எண்ணைக் கதவில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து மனிதர் அப்படியே குந்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேலே கதவு திறந்து மூடும் சத்தம். கிளினிக்கில் வைத்தியருக்குச் சுகமில்லை, வேறு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். மூடி மறைக்க நேரமில்லை. துவக்குப் பெட்டி வாயைத் திறந்து நிற்க, நிலம் முழுக்க ஆணியும் வயரும் பரவிக் கிடக்க, படியில் ஆனந்தராசா வந்து நின்றார்.

"பற்றறி பிழை" என்றார் நகுலேஸ்வரன், அவர் கேட்காமலே. "பழசுதானே. அதுதான் சும்மா மாத்துவம் எண்டு."

"ஓம் அத்தான்."

ஆனந்தராசா பெட்டிக்குள் பார்க்கவில்லை என்பதை நகுலேஸ்வரன் கவனித்தார். பார்வையைக் கீழே வைத்துக்கொண்டே, "அதை முதல்லை காருக்குள்ளை கொண்டுபோய் வைச்சுப் பூட்டிப்போட்டு வாங்கோ. நான் மேலை நிக்கிறன்" என்றார். நகுலேஸ்வரன் துவக்கை எடுத்துப் போய்க் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தன் வீட்டில் தனக்கு ஒருவர் புத்தி சொல்கிறார் என்ற கோபம் வரவேண்டும். வரவில்லை.

பிறகு ஆனந்தராசா கீழே வந்து டோர்ச் பிடித்தார். நகுலேஸ்வரன் வயரைத் துளைக்குள் விட்டு இழுத்துப் பூட்டைப் பொருத்தினார். இரண்டு தரம் பிழையாகப் போனது.

"வயர் நசிபடுது, அத்தான். இந்தப் பக்கத்தாலை விடுங்கோ. மைக் வயர் மாதிரித்தான், மடிஞ்சால் சத்தம் வராது."

அப்படியே விட்டார். பூட்டு ஒழுங்காகக் குந்தியது. கதவைத் திறந்து வைத்தபடியே இரும்புத் தண்டு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். யாருக்குப் பயந்து இந்தப் பூட்டைப் போடுகிறாரோ, அந்த மனிதரே வெளிச்சம் பிடித்துப் பூட்டைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நகுலேஸ்வரனுக்கு நிமிர்ந்து மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்குரூ டிரைவரின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கடையில் வைத்த எண்ணை அழித்துப் புது எண் வைக்கவேண்டும். ஆனந்தராசா டோர்ச்சை அணைத்து மேசையில் வைத்தார்.

"நம்பர் வையுங்கோ. நான் மேலை போறன்." இரண்டு படி ஏறியவர் நின்றார். "அத்தான், இந்த முறை லாண்டிங் திகதியை வைக்காதேங்கோ."

நகுலேஸ்வரன் பொத்தானில் வைத்த விரலை எடுத்தார்.

"எப்ப தெரியும் உமக்கு?"

"வந்த முதல் நாள். கட்டிலிலை இருந்து பாத்தால் நேரை அதுதான் தெரியும். மஞ்சளைக் கண்டன். பாயாசம் எத்தினை வருசமாய்க் குடிக்கிறன்." அவர் படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். "அண்டைக்கு இரவு முழுக்க அந்த நம்பர்தான் தலைக்குள்ளை ஓடினது. விடிஞ்சவுடனை மேலை வந்திட்டன்."

"குளிர் எண்டு சொன்னீர்."

"வேறை என்ன சொல்லுறது, அத்தான்."

அவர் மேலே போய்விட்டார். நகுலேஸ்வரன் பூட்டின் முன்னால் நின்றார். குளிர் என்று சொன்ன மனிதருக்கு அவர் ஹீட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். ஊர் நடுவில் நிறுத்தி வைத்துப் பஸ் ஸ்டாண்ட் என்றிருந்தார். அந்தச் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தபடி ஒவ்வொரு இரவையும் கடந்து வந்த மனிதரைப் பார்த்து, என் இடத்தைப் பிடித்துவிட்டான் என்று பொருமியிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. காட்டில் விடியும்வரை அசையாமல் காத்திருந்ததைப் பெரிய வீரம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்து, தன்மீதே அருவருப்பாக இருந்தது.

எண் வைக்கவேண்டும். கலியாண நாள் நினைவுக்கு வந்தது. அந்த மண்டபத்தில் மைக் பிடித்தது ஆனந்தராசா. இப்போது வேறிடத்தில் இருக்கும் மகள் கௌரி பிறந்த நாள். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது ஆனந்தராசா. வீடு குடிபுகுந்த நாளில் பால் காய்ச்ச அடுப்போடு வந்தவரும் அவர்தான். தன்னுடைய எந்த நல்ல நாளை எடுத்தாலும் அதில் இந்த மனிதர் நிற்கிறார். ஆனந்தராசாவின் பிறந்தநாள் எப்போது என்று யோசித்தார். மாதம்கூடத் தெரியவில்லை. கடைசியில் வேலை அட்டையைப் பார்த்து அதிலிருந்த எண்ணில் ஆறை வைத்தார். யாருக்கும் எந்த உறவும் இல்லாத எண்.

மேலே வந்தபோது அலுமாரி திறந்திருந்தது. ஆனந்தராசா தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கு வந்தார்.

"கொஞ்சம் படுக்கப் போறன். முதுகு உளையுது. அந்தச் சோபாவிலை மனிசன் படுப்பானே" என்றார். மைக்கில் கேட்கிற குரலில் ஒரு துளி அதில் இருந்தது.

"துவக்கு திரும்ப உள்ளை வராது, ஆனந்தன். பின்னேரமே கத்தரினிட்டைக் குடுத்திடுறன்" என்றார் நகுலேஸ்வரன். "ஏன் எண்டும் சொல்லித்தான் குடுப்பன்."

"பூட்டு வீணாப் போச்சே, அத்தான்."

"கிடக்கட்டும்."

அவர் இறங்கிப் போகும் காலடிச் சத்தமும் அறைக் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. நகுலேஸ்வரன் குசினிக்குப் போனார். புஷ்பராணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவருடைய கையில் இன்னும் பழைய பூட்டின் தகடு இருந்தது.

"உன்ரை தம்பிக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

"அவன்தானே என்னை உங்களிட்டைச் சொல்லச் சொன்னவன். வந்து ரெண்டாம் நாள். அக்கா, அத்தானிட்டைச் சொல்லி அந்தப் பூட்டை மாத்து எண்டு."

"அவன் சொன்னவன் எண்டு நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை? வெங்காயம் உரிச்சுக்கொண்டு பீப் பீப் எண்டு கத்துது எண்டாய். அவன் கேக்கிறான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அண்டைக்கே மாத்தியிருப்பன்."

புஷ்பராணி அரிசித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குழாயை மூடினாள்.

"தன்ரை பேரைச் சொல்ல வேண்டாம் எண்டவன். மஞ்சளைப் பற்றியும் சொல்ல வேண்டாம், சும்மா பழசு எண்டு சொல்லு எண்டவன்" என்றாள். "அத்தான் வாற போறவைக்கெல்லாம் ஆசையாய்க் காட்டுற சாமான். அவருக்கு வெக்கமாப் போயிடும் எண்டவன்."